சிவப்புப் பொத்தானும் ரோமன் அண்ணையும்

எனக்கு வயது இருபத்தொன்பது. நான் ஓய்வுபெற்ற தொழிலாளி. சிரிக்கிறவர்கள் சிரித்து முடியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

பிரெஞ்சு பேசும் இந்தப் பனி நகரத்தில், ஆஸ்பத்திரித் துணிகள் வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில் பதினேழு வயதில் சேர்ந்தேன். ஈரத்துணி நிரம்பிய வண்டில்களைத் தள்ளித் தள்ளி என் வலது தோள்மூட்டு என்னை முந்திக்கொண்டு கிழமாகிவிட்டது. "இனிப் பாரம் தள்ளக்கூடாது" என்று டொக்டர் சொன்ன நாளிலிருந்து மாதா கோயில் வாசலில் நிற்கும் பெடியள் என்னைப் 'பென்சன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "பென்சன், நிக்கக் கஷ்டமோ? கதிரை கொண்டரட்டோ?" என்று விசாரிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். அவர்களுக்கும் தோள்மூட்டு இருக்கிறது, பார்ப்போம்.

இதை எழுதச் சொன்னவன் நிஷான். அதே தொழிற்சாலையில் அவனை அண்மையில் ஒரு பகுதிக்குத் தலைவன் ஆக்கிவிட்டார்கள். தலைவர்களுக்கு மஞ்சள் வெஸ்ட் ஒன்று கொடுப்பார்கள். அதைப் போட்ட நாளிலிருந்து அவன் நடக்கும்போது கைகள் உடம்பில் முட்டுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்ததும் என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணை, ஆக்களை எப்பிடி மேய்க்கிறது எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன். எங்கட பங்குக் கோயில் ஆண்டு மலரிலையும் போடலாம்."

"மேய்க்கிறதோ? அவை என்ன மாடோடா?"

"இல்லை அண்ணை, ஸ்ரெல்லா அக்கா எப்பிடிச் செய்தவ எண்டு கேக்கிறன். இண்டைக்கும் எல்லாரும் அவவின்ர பேரைத்தான் சொல்லினம்."

அந்தப் பெயரைச் சொன்னதால் எழுதுகிறேன். பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டுவிட்டு வந்தவன் நான். தமிழ், அம்மா காட்டித் தந்தது. எழுத்துப் பிழைகளுக்கு மலர்க்குழு பொறுப்பு.

வேலை பழகிய கதையை நீட்ட மாட்டேன். முதல் வருடம் தள்ளு என்றார்கள், தள்ளினேன். இரண்டாம் வருடம் மடி என்றார்கள், மடித்தேன். பிறகு திரும்பவும் தள்ளு என்றார்கள். எங்கள் இடத்தில் நடுவே ஒரு சுவர். ஒரு பக்கம் அழுக்குப் பக்கம். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் பைகளைப் பிரித்து, இரத்தம், மூத்திரம், இன்னும் இந்த மலரில் எழுத முடியாத சாமான்கள் எல்லாம் பட்ட துணிகளை அங்கே பிரிப்பார்கள். சிலவேளை ஊசியும் வரும். மற்றது வெள்ளைப் பக்கம். தோய்த்து வந்த படுக்கை விரிப்புகளை அயன் மெசினுக்குள் விட்டு, வெளியே வர மடித்து அடுக்குவோம். அழுக்குப் பக்கத்திலிருந்து வெள்ளைப் பக்கம் வருவதென்றால் அங்கியைக் கழற்றி, முழங்கை வரை சவுக்காரம் போட்டுக் கழுவி, புது அங்கி மாட்டித்தான் கதவைத் திறக்கலாம். பாப்பரசர் வந்தாலும் அதுதான் சட்டம்.

அயன் மெசின் என்றதும் வீட்டில் இருக்கும் இஸ்திரிப் பெட்டியை நினைக்காதீர்கள். ஒரு பஸ் அளவு நீளம். உள்ளே கொதிக்கும் உருளைகள். இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பின் இரண்டு மூலைகளையும் இழுத்துப் பிடித்து வாயில் கொடுக்க, அது விழுங்கிக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிவப்புப் பொத்தான். அமத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். ஆனால் உள்ளே அகப்பட்ட துணிகள் கருகிப் பழுப்பாகிவிடும். திரும்ப ஓட விடுவதற்குத் தலைவரின் கழுத்தில் தொங்கும் சாவி வேண்டும். ஆகவே பொத்தானை அமத்துகிறவர் எல்லாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் பகுதியின் தலைவி ஸ்ரெல்லா அக்கா. மன்னார் ஆள். சிறிய உருவம், சத்தமில்லாத குரல். மெசின் இரைச்சலில் அவர் கதைப்பது கேட்க வேண்டுமென்றால் நாங்கள்தான் வாயை மூட வேண்டும். அதற்காகவே அப்படிக் கதைத்தார் என்று நினைக்கிறேன். நகரின் மேற்கு விளிம்பில் உள்ள பியர்பொன்ட்ஸில் இருந்து பஸ் மாறி மாறி வருவார். அந்த நீண்ட பஸ் பயணத்தில் ஒரே ஒரு புத்தகம்தான் வாசிப்பார். முடிந்ததும் திரும்ப முதல் பக்கம். நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு பழைய புத்தகக் கடையில் வாங்கியதாம். அட்டை கிழிந்து பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"என்ன அக்கா, செபப் புத்தகமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இல்லை. ரோமாபுரிச் சரித்திரம். ஊரில பள்ளிக்கூடத்தில, ஏ.எல்.லில கிரேக்க உரோம நாகரிகம் படிச்சனான். அப்ப சோதனைக்குப் படிச்சது. இப்பதான் வாசிக்கிறன்."

எழுதியவரின் பெயரைச் சொன்னார். எனக்கு வாயில் நுழையவில்லை. ஆகவே 'ரோமன் அண்ணை' என்று வைத்துவிட்டேன். பெயர் ஒட்டிக்கொண்டது. சாப்பாட்டு அறையில் எதற்கெடுத்தாலும், "ரோமன் அண்ணை இதுக்கு என்ன சொல்லியிருக்கிறார்?" என்று கேட்போம். பனி கொட்டினால் கேட்போம், ஹொக்கியில் எங்கள் ஆட்கள் தோற்றால் கேட்போம். ஸ்ரெல்லா அக்கா கோபிக்கவே மாட்டார். "அதைப் பற்றி அவர் எழுதேல்லை. ஆனா உன்னைப் போல ஆக்களைப் பற்றி எழுதியிருக்கிறார்" என்பார்.

கொஞ்சம் கொஞ்சமாக எங்களுக்கு அந்த மனிதரைத் தெரிய வந்தது. இரண்டாயிரம் வருடத்துக்குக் கிட்ட முந்தியவர். பெரிய பதவிகளில் இருந்தவர். பொல்லாத ராசா ஒருவனின் கீழே வாயை மூடிக்கொண்டு வேலை செய்து, அவன் செத்த பிறகு எல்லாவற்றையும் எழுதினவர். ராசாக்கள் எப்படிக் கெடுகிறார்கள் என்பதை விட, சுற்றி நிற்கிறவர்கள் எப்படிக் கெடுக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு ருசியான விஷயம். ஸ்ரெல்லா அக்காவுக்கு அவரில் பிடித்தது வேறொன்று.

"நல்ல ஆக்களைப் பிடிச்சுக் கொண்டுபோய்க் கொல்லேக்க சபையில இவரும் இருந்தவர். பேந்து எழுதேக்க, 'அவங்கள் செய்தாங்கள்' எண்டு எழுதேல்லை. 'நாங்கள்' எண்டு எழுதினவர். அது லேசில்லை."

"நானெண்டால் 'பக்கத்து வீட்டுக்காரன்' எண்டு எழுதியிருப்பன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

இனி ரோல்ஸ் விஷயம். அழுக்குப் பக்கத்தில் நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை. முன்பு இருந்த தலைவருக்கு எங்கள் ஆட்கள் இடியப்பம், ரோல்ஸ், கேக் என்று கொண்டுபோய்க் கொடுத்து அந்த வேலையிலிருந்து தப்புவார்கள். கொடுக்காதவர்கள், அதாவது பெரும்பாலும் தமிழர் அல்லாதவர்கள், அங்கேயே கிடப்பார்கள். ஸ்ரெல்லா அக்கா தலைவியானதும் ஒவ்வொரு கிழமையும் ஒருவர் என்று முறை வைத்தார். அந்த முறையில் தன் பெயரையும் போட்டார். மஞ்சள் வெஸ்ட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் முறைக்கு அழுக்குப் பக்கம் போய் நின்றார். அதோடு ஒருவரின் சாப்பாட்டிலும் கை வைப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். அதற்கு முந்தைய நாள் வரை ரோல்ஸ் பெட்டி திறந்தால் முதல் கை அவருடையதுதான்.

நான் சோதித்துப் பார்த்தேன். அம்மா செய்த ஆட்டிறைச்சி ரோல்ஸைச் சூடாக்கி, மணம் அவர் பக்கம் போகும்படி நின்றுகொண்டு கேட்டேன்.

"அக்கா, ஒண்டு."

"வேண்டாம் தம்பி."

"லஞ்சமில்லை அக்கா. அன்பு."

"நேற்று வரைக்கும் நீ எனக்கு ஒண்டும் நீட்டேல்லை. நான்தான் பறிச்சுத் திண்டனான். இண்டைக்குத்தான் உனக்கு அன்பு வந்திருக்கு. இது எனக்கில்லை, இந்த வெஸ்ட்டுக்கு. அதுக்கு வாயில்லை."

நிஷான், உனக்கு இதுதான் முதல் பாடம். கடினமான பாடமும் இதுதான், ஏனென்றால் உன் வயிறு எனக்குத் தெரியும்.

பிறகு முஸ்யே பெனுவா வந்தார், புது டிரெக்டராக. முஸ்யே என்றால் ஐயா. உண்மையைச் சொல்கிறேன், வந்தபோது மிக நல்ல மனிதர். கூச்சக்காரர். தெப்பனரில், அதுதான் மூலைக் கடையில், தன் கோப்பியைத் தானே வாங்கிக்கொண்டு வருவார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று எங்களைப் போக விடுவார். எங்களுக்கு முந்தி அவர்தான் 'போன்ஜூர்' சொல்வார். அந்த நல்ல மனிதரைக் கெடுத்தது நாங்கள்.

மரியதாஸ் அண்ணை என்று ஒருவர், லொறிகளுக்குச் சாமான் ஏற்றும் பகுதியில் இருந்தார். எங்கள் பங்கில் எந்த விழா என்றாலும் மேடையில் மைக்கைப் பிடிக்கிறவர் அவர்தான். ஏற்றும் பகுதிக்குத் தலைவராக வேண்டும் என்று அவருக்கு ஒரு நெடுநாள் ஆசை. அவருடைய மனைவி ராணி அக்கா எங்களோடு அயன் மெசினில் நின்றார். புது டிரெக்டர் வந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு மரியதாஸ் அண்ணை ஒரு யோசனை சொன்னார்: முஸ்யே பெனுவாவுக்குப் பொன்னாடை போர்த்தி, வாழ்த்துப்பா வாசித்துக் கொடுப்போம்.

"ஏன் அண்ணை, அவர் என்ன செய்தவர்?" என்று கேட்டேன்.

"இனிச் செய்வார்" என்றார்.

சாப்பாட்டு அறையில் விழா நடந்தது. சரிகைப் பொன்னாடை போர்த்தப்பட்டது. மரியதாஸ் அண்ணை வாழ்த்துப்பாவை இராகத்தோடு வாசித்தார். எனக்குப் பிரெஞ்சு ஓடும் என்பதால் மொழிபெயர்ப்பு என் தலையில். "கதிரவனே, கற்பகத் தருவே, காமதேனுவே" என்று அவர் பாட, "நீங்கள் ஒரு சூரியன். நீங்கள் ஒரு மரம். நீங்கள் ஒரு பசு" என்று சொன்னேன்.

முஸ்யே பெனுவா என் காதருகே குனிந்தார். "பசுவா?"

"ஓம் முஸ்யே. ஆனால் நல்ல பசு."

மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருட வேலையில் ஒருவரும் தனக்கு இப்படிச் செய்ததில்லை என்றார். பொன்னாடையைக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு பனிக்குள் இறங்கிக் காருக்குப் போனார். குளிருக்குத் தந்தது என்று நினைத்துவிட்டார். கார் முழுக்கப் பனி. மரியதாஸ் அண்ணை பாய்ந்து போய்ச் சுரண்டிக் கொடுத்தார்.

அடுத்த நாளும் சுரண்டினார். பிறகு ஒவ்வொரு நாளும். முதலில் முஸ்யே பெனுவா, "வேண்டாம், வேண்டாம்" என்று தூரிகையைப் பறிப்பார். பிறகு "மெர்சி" சொல்லிக்கொண்டு பக்கத்தில் நின்றார். மாசி மாதம் ஒருநாள் மரியதாஸ் அண்ணை காய்ச்சலில் வரவில்லை. மனிதர் பனி மூடிய காருக்குப் பக்கத்தில் கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு நின்று எங்கள் யன்னலைப் பார்த்தார். ஒருவரும் வராததால் கோபமாகப் பார்த்தார்.

"பாத்தியே?" என்றார் ஸ்ரெல்லா அக்கா. "ரோமன் அண்ணை சொல்லுறது இதைத்தான். எஜமான் பிறக்கிறேல்லை. நாங்கள் செய்து எடுக்கிறது."

அந்தப் பெயரை அவர் வாயால் சொன்ன முதல் தடவை அதுதான்.

வசந்தத்தில் மேலிடம் கூடுதல் வேலை கேட்டது. முஸ்யே பெனுவா அயன் மெசினின் வேகத்தைக் கூட்டச் சொன்னார். ஸ்ரெல்லா அக்கா அலுவலகத்துக்குப் போய், கை தாங்காது என்று சொன்னார். அதற்கு அவர், "என் தமிழர்கள் செய்வார்கள்" என்றாராம். எங்களைக் கூட்டி வைத்தும் அதையே சொன்னார். மரியதாஸ் அண்ணை கை தட்ட, எல்லாரும் தட்டினோம்.

அந்தக் கிழமை ஸ்ரெல்லா அக்காவின் முறை, அழுக்குப் பக்கத்தில் நின்றார். மெசின் வாயில் ராணி அக்காவும் லூர்த்தும். லூர்த் ஹெயிட்டிக்காரி, கார்ட்டியர்வில்லில் தனியாக மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவர். இவர்கள் இருவரும் நல்ல கூட்டு. ஒருவரின் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆனால் லூர்த்தின் வீட்டு முட்டைக்கோவா அச்சாறும் ராணி அக்காவின் தேசிக்காய் ஊறுகாயும் நாள்தோறும் மேசையில் இடம் மாறும். உறைப்பில் யார் பெரிது என்று இருவருக்கும் போட்டி. கண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டுவிட்டு, "காரமே இல்லை" என்று கையால் காட்டிக்கொள்வார்கள்.

நான் வண்டில் தள்ளிக்கொண்டு முதுகு காட்டி நின்றேன். 'டப்' என்று ஒரு சத்தம். மெசின் நின்றது. திரும்பிப் பார்க்கும்போது லூர்த்தின் கை சிவப்புப் பொத்தானில் இருந்தது. ராணி அக்கா கையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டார். உள்ளே துணி கருகும் மணம். மரியதாஸ் அண்ணை ஓடி வந்தார். புருசனும் பெண்சாதியும் ஏதோ குசுகுசுத்தார்கள். "ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை" என்று எங்களைப் பார்த்துச் சொன்னார் அண்ணை.

உள்ளே போன விரிப்புகள் எல்லாம் பாழ். லொறி பிந்தியது. ஆஸ்பத்திரியிலிருந்து முறைப்பாடு வந்தது. அடுத்த நாள் காலை முஸ்யே பெனுவா எல்லாரையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார். காரணமில்லாமல் மெசினை நிறுத்துகிறவர்களுக்கு இங்கே இடமில்லை என்றார். லூர்த் எழுந்தார்.

"அவளுடைய கை உள்ளே போவதைக் கண்டேன். அமத்தினேன். திரும்பவும் கண்டால் திரும்பவும் அமத்துவேன்."

முஸ்யே பெனுவா ராணி அக்காவிடம் திரும்பினார். ஏதாவது அகப்பட்டதா? ஆபத்து இருந்ததா? நான் தமிழில் கேட்டேன். ராணி அக்கா புருசனைப் பார்த்தார். மரியதாஸ் அண்ணை தொண்டையைச் செருமினார். ராணி அக்கா தலையைக் குனிந்துகொண்டார். ஒரு சொல்லும் இல்லை. அதையே பதிலாக எடுத்துக்கொண்டார் முஸ்யே.

அப்போதுதான் ஸ்ரெல்லா அக்கா முன்னுக்கு வந்தார். அவருக்குப் பிரெஞ்சு நன்றாக வரும். ஆனால் என்னைக் கையால் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திவிட்டுத் தமிழில் கதைத்தார். டிரெக்டரைப் பார்த்தபடிதான் கதைத்தார். ஆனால் எங்களுக்குத்தான் கதைக்கிறார் என்று விளங்கியது.

"நான் அந்த நேரம் அழுக்குப் பக்கம் நிண்டனான். நான் காணேல்லை. கண்டனான் எண்டு சொல்ல மாட்டன். ஆனா சிவப்புப் பொத்தானை அமத்த ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை எண்டு, வாற ஒவ்வொருத்தருக்கும் முதல் நாளே சொல்லுறது நான். லூர்த் செய்தது என்ர சொல்லைத்தான். அது பிழையெண்டால் என்ர சொல்லுத்தான் பிழை. மெசினைக் கெதியாக்கேக்க நாங்கள் எல்லாரும் நிண்டு கை தட்டினனாங்கள். நானும் அதுக்குள்ளதான் நிண்டனான். அவவை அனுப்புறதெண்டால் முதல்ல என்னை எடுங்கோ."

என் வாழ்க்கையில் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தது அன்றுதான். 'நாங்கள்' என்ற இடத்தில் என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

முஸ்யே பெனுவாவின் முகம் சிவந்தது. கையை நீட்டினார். ஸ்ரெல்லா அக்கா மஞ்சள் வெஸ்ட்டைக் கழற்றி, தலையணை உறை மடிப்பது போல நேராக மடித்து மேசையில் வைத்து, அதற்கு மேல் சாவியை வைத்தார். லூர்த்தைப் பற்றி வெள்ளிக்கிழமை முடிவு சொல்வதாகவும் அதுவரை சாவி தன்னிடம் இருக்கும் என்றும் முஸ்யே சொன்னார். அவர் முடிக்க முந்தியே ஸ்ரெல்லா அக்கா அழுக்குப் பக்க அங்கியை மாட்டிக்கொண்டிருந்தார். அங்கே நாள் முழுக்கப் பைகளைப் பிரித்தார். முகத்தில் தியாகியின் களை கொஞ்சமும் இல்லை. அதற்காகவாவது ஒரு பொன்னாடை போர்த்தியிருக்கலாம், ஆனால் அவர் அதையும் அழுக்குத் துணி வண்டிலில்தான் போட்டிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பிறகு ராணி அக்கா லூர்த்தை வையத் தொடங்கினார். "அவள் எப்பவும் அவசரக்காரி." "அவளுக்கு எல்லாத்திலையும் முந்திரிக்கொட்டை வேலை." ஊறுகாய்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விட்டார். லூர்த் தன் அச்சாறை மூடி வைத்துவிட்டு யன்னலைப் பார்த்துச் சாப்பிட்டார்.

பஸ் தரிப்பில் ஸ்ரெல்லா அக்காவிடம் கேட்டேன். "அக்கா, கையைக் காப்பாத்தினவளில ராணி அக்காவுக்கு ஏன் இவ்வளவு கோவம்?"

"ஒருத்தருக்கு நாங்கள் அநியாயம் செய்தால் பேந்து அவையைப் பாக்க எங்களால ஏலாது. அதால வெறுப்பம். மனுசரின்ர இயல்பு அதெண்டு அவர் எழுதியிருக்கிறார்."

"அப்ப நாங்கள் உங்களை வெறுக்கவேணும். நீங்கள் வெஸ்ட்டைக் கழட்டேக்க நாங்களும் பேசாமத்தானே நிண்டனாங்கள்."

"வெறுக்கிறியோ?"

"கொஞ்சம்."

சிரித்துவிட்டார். அந்தக் கிழமை முழுக்க அவர் சிரித்து நான் கண்டது அந்த ஒருதரம்தான். பிறகு சொன்னார்: "கெட்ட அதிகாரியின்ர கீழ வேலை செய்யிறதால நாங்கள் கெட்டுப்போகத் தேவையில்லை. கத்திக் குழறி விழுந்து சாகவும் தேவையில்லை. ரெண்டுக்கும் நடுவில ஒரு வழி இருக்கு. ஒடுங்கின வழி. அவர் அதைத்தான் தேடிக்கொண்டு இருந்தவர்." பஸ் வந்தது. ஏறி இருந்து புத்தகத்தை எடுத்தார்.

வியாழக்கிழமை நல்ல வெயில். மெசினுக்குப் பக்கத்தில் நிற்க ஏலாத வெக்கை. ராணி அக்கா அன்றைக்கும் நீட்டுக்கைச் சட்டை.

"என்ன ராணி அக்கா, அவியிறியளே. கையை மடிச்சு விடுங்கோவன்" என்றேன்.

"உனக்கேன் அந்தக் கதை? போய் வண்டிலைத் தள்ளு" என்று சீறினார். சீறியவரின் கண் கலங்கியிருந்ததால் நான் மேலே பகிடி விடாமல் தள்ளிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, ராணி அக்காவுக்கு எதிரே நின்ற லூர்த்தின் மூலை நழுவி, விரிப்பு கயிறு போல முறுகிப் போய் மெசின் வாயில் திரண்டது. லூர்த் அதை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். பிறகு சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். அமத்தவில்லை. அமத்தினால் நாளைக்கு என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். துணி உருண்டு உருண்டு உள்ளே போக, அவர் கையும் அதன் பின்னால் போனது.

'டப்.'

மெசின் நின்றது. இந்த முறை ராணி அக்காவின் பக்கப் பொத்தான்.

கருகல் மணத்துக்கு முஸ்யே பெனுவா படியால் இறங்கி ஓடி வந்தார். "யார் நிறுத்தியது?" என்று பிரெஞ்சில் கத்தினார். ராணி அக்காவுக்குப் பிரெஞ்சில் 'போன்ஜூர்', 'மெர்சி' தவிர ஒன்றும் வராது என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

"முவா" என்றார். நான்.

மரியதாஸ் அண்ணை ஏற்றும் பகுதியிலிருந்து ஓடி வந்து, மேடைக் குரலில், "முஸ்யே, முஸ்யே..." என்று தொடங்கினார்.

"நீங்கள் ஒருக்காப் பேசாமல் நில்லுங்கோ" என்றார் ராணி அக்கா. அப்படி அவர் புருசனிடம் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. மரியதாஸ் அண்ணையும் கேட்டதில்லைப் போல. வாய் திறந்தபடியே நின்றார். ராணி அக்கா சட்டைக் கையை மேலே இழுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் உரிந்து, மருந்து காயாமல் துணி ஒட்டிக் கிடந்தது.

"தம்பி, இதை அப்பிடியே சொல்லு. அண்டைக்கு இந்தக் கை உள்ள போனது. லூர்த்துத்தான் நிப்பாட்டினவ. கேட்டபோது நான் வாயைத் திறக்கேல்லை. அவவைப் பிள்ளையளோட ரோட்டில விட இருந்தனான்."

சொன்னேன். முஸ்யே பெனுவா அந்தக் கையைப் பார்த்தார். பாவம், அந்த நேரத்தில் அவர் முகத்தில் பழைய கூச்சக்காரர் திரும்பி வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். எடுத்த பிறகுதான் மெசினை எப்படித் திரும்ப ஓட விடுவது என்று தனக்குத் தெரியாது என்று அவருக்குப் பிடிபட்டது. எங்களில் ஒருவரிடமும் அவர் அதை நீட்டவில்லை. நேரே சுவர்க் கதவடிக்குப் போய்க் கண்ணாடியில் தட்டினார்.

ஸ்ரெல்லா அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கியைக் கழற்றினார். முழங்கை வரை சவுக்காரம் போட்டார். கழுவினார். திரும்பவும் போட்டார், திரும்பவும் கழுவினார். இங்கே துணி கருகிக்கொண்டிருந்தது. டிரெக்டர் கதவடியில் சாவியைப் பிடித்தபடி நின்றார். அவர் ஒருவருக்காக அப்படிக் காத்து நின்றதை நாங்கள் முதன்முறையாகக் கண்டோம். புது அங்கி மாட்டி, கதவைத் திறந்து வந்தார் ஸ்ரெல்லா அக்கா. சாவியை வாங்கினார். மெசினுக்குப் போகவில்லை. முதலில் ராணி அக்காவின் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இதோடயோ இவ்வளவு நாளும் நிண்டனீ? கிளினிக்குக்கு இப்பவே போ."

"இந்த லோட்டை முடிச்சிட்டுப் போறன் அக்கா."

பிறகு மெசினடிக்குப் போய்ச் சாவியைத் துவாரத்தில் செருகினார். திருப்பவில்லை. வேகம் கூட்டும் பிடியைப் பழைய இடத்துக்கு இறக்கி வைத்தார். முஸ்யே பெனுவாவைத் திரும்பிப் பார்த்து, இந்த முறை பிரெஞ்சிலேயே, சத்தமில்லாத அந்தக் குரலில், ஒரே ஒரு சொல் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை?"

கேட்பதற்காக முழுத் தொழிற்சாலையும் வாயை மூடியிருந்தது. முஸ்யே பெனுவா லூர்த்தைப் பார்த்தார். இல்லை என்று தலையை ஆட்டினார்.

"வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை" என்றார்.

ஸ்ரெல்லா அக்கா சாவியைத் திருப்பினார். உருளைகள் மெல்ல உருளத் தொடங்கின. கருகிய விரிப்பு மறுபக்கத்தால் வெளியே வந்து விழுந்தது. ராணி அக்கா வண்டிலிலிருந்து அடுத்த ஈர விரிப்பை எடுத்து, நல்ல கையால் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றதை நீட்டினார். லூர்த் உடனே வாங்கவில்லை. ராணி அக்கா நீட்டியபடியே நின்றார். பிறகு லூர்த் வாங்கினார். இருவரும் சுருக்கம் போக இழுத்தார்கள்.